மிருகங்கள் முதலில் விழித்துக்கொள்கின்றன

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சம்பளத்துக்காகப் படித்தவற்றிலிருந்து கிடைத்தது.

கணினி விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கீழே டயர் கடை, மேலே நாங்கள் எட்டுப் பேர். என் நாற்காலி தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பதால் எல்லோருடைய தாகமும் எனக்குத் தெரியும். எங்களிடம் இருப்பது ஒரே விளையாட்டு. பெயர் 'கல்லும் பல்லும்'. ஆதிகாலத் தீவு ஒன்றில் அறுபது பேர், அவரவர் வீட்டிலிருந்தே இணையம் வழியாக வந்து, பசி, குளிர், மிருகம் மூன்றுக்கும் தப்பிப் பிழைக்க வேண்டும். அவ்வளவுதான். ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது.

ஆடியவர்கள் விற்பனைப் பக்கத்தில் கருத்து எழுதுவார்கள். முதல் வரி, பரிந்துரைக்கிறேன் அல்லது பரிந்துரைக்கவில்லை. அடுத்தது எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்பது. அதன் பிறகு மனதில் இருப்பது. அவற்றையெல்லாம் படித்து, பாராட்டு, புகார், வசவு, புரியாதது என்று நான்கு பத்திகளாகப் பிரித்து, வெள்ளிக்கிழமைதோறும் முதலாளியிடம் ஒரு பக்கமாகக் கொடுப்பது என் வேலை.

சில மாதிரிகள்:

'பரிந்துரைக்கிறேன். 612 மணி நேரம். வேலை போய்விட்டது. யானை நன்றாக இருக்கிறது.'

'பரிந்துரைக்கவில்லை. 2 மணி நேரம். அதில் ஒன்றே முக்கால் தீ மூட்டுவதற்கே போனது.'

'பரிந்துரைக்கவில்லை. 3,008 மணி நேரம். போரடிக்கிறது.'

'பரிந்துரைக்கிறேன். 40 மணி நேரம். என்னைக் கொன்றவர் மன்னிப்புக் கேட்டார். வெளியே யாரும் கேட்டதில்லை.'

கடைசியில் இருப்பதை எந்தப் பத்தியில் போடுவது என்று ஒரு முழு காலை நேரம் யோசித்தேன். இப்படிப்பட்ட ஆள் நான் என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள் செய்தேன்.

'செயற்கைப் பல் செய்கிறவர் ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, குகை வாசலில் ஈட்டியோடு நின்றுகொண்டிருந்தபோது' — வேண்டாம். பல் செட்டும் ஈட்டியும் ஒரே வாக்கியத்தில் வந்தால் சிரிப்புக் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

'கல்யாணம் முறிந்தால் கணவன் முன்னாள் கணவன் ஆகிறான், மனைவி முன்னாள் மனைவி ஆகிறாள். சம்பந்திகள் என்ன ஆகிறார்கள்?' — இது கட்டுரை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. கிடக்கட்டும்.

'அந்த அம்மா கோபக்காரர். கோபம் வந்தால்' — இதை ஏன் பாதியில் விட்டேன் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன். அதற்கு முன்னால் விளையாட்டின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. நீங்கள் ஆட்டத்தை விட்டு வெளியேறினாலும் உங்கள் உடம்பு தீவை விட்டு வராது. விட்ட இடத்திலேயே படுத்துத் தூங்கும். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது யாரும் வந்து அதைக் கொல்லலாம், எதுவும் வந்து தின்னலாம். மூன்று நாளைக்கு ஒரு முறை யாராவது அதன் வாயில் இறைச்சி வைக்காவிட்டால் பட்டினியில் சாகும். செத்தவர் தெற்குக் கடற்கரையில் வெறும் கையோடு மறுபடி எழுந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே இந்த விளையாட்டில் நண்பன் என்றால் நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கிறவன்.

(இந்த விதியைப் பற்றி மட்டும் இதுவரை நானூறு கருத்துகள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் இதற்காகவே வாங்கினார்கள். பாதிப் பேர் இதனாலேயே விட்டார்கள்.)

3

இரண்டு கருத்துகள்.

முதலாவது, 'ரெண்டாவது கியர்' என்ற பெயரில். 'பரிந்துரைக்கவில்லை. 1,140 மணி நேரம். விளையாட்டில் குறை இல்லை. கூட ஆடுகிற ஆளைப் பார்த்து ஆடவும்.'

புரியாதது பத்தியில் போட்டேன்.

இரண்டாவது, நான்கு நாள் கழித்து, 'கடைவாய்' என்ற பெயரில். இரண்டு பக்கம் இருந்தது. சுருக்கித் தருகிறேன்.

'பரிந்துரைக்கிறேன். 1,166 மணி நேரம். ஐயா, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு நீங்கள் அப்டேட் போட்டீர்கள். அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்த ஒருவருக்குக் காவல் நின்றிருந்தேன். இரண்டே நிமிடம் அவகாசம் கொடுத்து சர்வரை மூடினீர்கள். ஏழே முக்காலுக்குத் திறந்தபோது உள்ளே வர எனக்கு உடனே வழி விடவில்லை. வந்து பார்த்தால் கழுதைப்புலிகள் அவரைத் தின்று முடித்திருந்தன. ஈட்டியோடு போனவன் எலும்பைப் பொறுக்கினேன். நான் விட்டுவிட்டுப் போனதாக அவர் நினைப்பார். அன்றைக்கு நடந்த மற்ற விஷயத்தால் அப்படி நினைக்க அவருக்கு நியாயமும் இருக்கிறது. தயவுசெய்து அவர் உடம்பைத் திருப்பித் தரவும். அவர் என் சம்பந்தி. இப்போது இல்லை. இப்போது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.'

கீழே கைபேசி எண்.

கருத்துப் பக்கத்தில் எண் இருந்தால் மறைக்க வேண்டும் என்பது விதி. மறைத்தேன். மறைப்பதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அது விதியில் இல்லை.

4

படிக்கட்டில் நின்று அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், அந்தப் பக்கம் ஏதோ சின்ன மோட்டார் சுற்றும் சத்தம்.

"ஒரு நிமிஷம் இருங்க, மெழுகு ஆறிடும்" என்றார். மோட்டார் நின்றது. "சொல்லுங்க. யாருக்குப் பல்லு?"

நான் யார் என்று சொன்னேன்.

"படிச்சீங்களா? நெஜமாவே யாராவது படிக்கிறீங்களா அதை?"

"அதுதாங்க என் வேலை."

அவர் தொழிலையாவது மாற்றி எழுதலாம் என்று பார்த்தேன். கடைவாய் என்ற பெயருக்கு வேறு தொழில் எதுவும் ஒத்துவரவில்லை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு பல் செட் செய்கிறவர். அவர் சொன்னது இது:

அவருடைய மகளும் அந்தச் சம்பந்தி அம்மாவின் மகனும் கல்யாணமாகி வேறு ஊரில் குடியிருந்தார்கள். வாரம் ஒரு நாளாவது நான்கு பேரும் சேர்ந்து இருக்கலாம் என்று பிள்ளைகள்தான் இரண்டு வீட்டிலும் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். நால்வரும் ஒரு கூட்டம். ஒரு குகை. மகன் வேட்டை, மகள் தோல் தைப்பது, இவர் விறகு, அந்த அம்மா சமையலும் காவலும். ஆரம்பத்தில் இவருக்கு நடக்கவே வரவில்லை, மரத்தில் முட்டிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர், விளையாட்டில் பெயர் 'ரெண்டாவது கியர்', பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

இரண்டு வருடத்தில் கல்யாணம் முறிந்தது.

"சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டை போட்டிருந்தா சேர்த்து வைக்கலாமே. ரெண்டும் நல்லதுங்கதான். யார் மேலயும் பழி போட முடியல, அதான் கஷ்டம்."

பிள்ளைகள் விளையாட்டையும் விட்டுவிட்டார்கள். விட்ட அன்று இருவரின் உடம்பும் குகைக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று இவர் உள்ளே போனார். அங்கே அந்த அம்மா தன் மருமகளின் வாயில் இறைச்சி வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் கேக்கல. அவங்களும் சொல்லல. விறகு கொண்டாந்து போட்டேன்."

அதன் பிறகு இரண்டு வருடம், இரண்டு பேரும் முறை வைத்து வந்திருக்கிறார்கள். மாலை வேளையில் ஒரு மணி நேரம். ஒருவர் தூங்கினால் ஒருவர் காவல். பிள்ளைகளுக்குச் சாப்பாடு. வீட்டில் யாருக்கும் தெரியாது. நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதும் இது நடந்துகொண்டிருந்தது.

"எதுக்குங்க அதுங்களுக்கு ஊட்டணும்? அவங்கதான் வர மாட்டாங்களே" என்றேன்.

"வந்தா ரெண்டும் எந்திரிச்சு வேற வேற பக்கம் போயிடும். வராம இருக்கிற வரைக்கும் ஒரே இடத்துலதானே இருக்கும். தூங்கட்டும்னு விட்டுட்டோம்."

மெழுகு ஆறியிருக்கும். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

"அவங்களுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லலாமே?"

"நம்பரை அழிக்கச் சொல்லி என் பொண்ணு கேட்டுக்கிட்டா. அழிச்சிட்டேன். அவளுக்கு மனசு கஷ்டமா இருக்கக் கூடாதில்ல. செவ்வாய்க்கிழமைதான் தீர்ப்பு. காலையில கோர்ட்ல அவங்களைப் பார்த்தேன், அவங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. சாயங்காலம் இப்படி ஆயிடுச்சு. பழி வாங்கிட்டேன்னுதானே நினைப்பாங்க? அவங்க வாசல்லதான் படுப்பாங்க, பசங்களுக்கு மறைப்பா. அதனால பசங்களுக்கு ஒண்ணும் ஆகல. வாசல்ல இருந்தவங்க மட்டும் போயிட்டாங்க."

5

இப்போது என்னைப் பற்றிய பகுதி. இதை வெட்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நிரல் எழுதுகிறவர் என் எதிர் மேசையில் இருக்கிறார். அவரிடம் போய், சர்வர் மறுபடி திறக்கும்போது என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"முதல்ல நிலம், அப்புறம் மிருகம், அப்புறம் ஆளுங்க. ஆளுங்க உள்ள வர பதினோரு நிமிஷம் ஆகும்."

"அந்தப் பதினோரு நிமிஷம் மிருகங்க என்ன பண்ணும்?"

"மிருகம் என்ன பண்ணுமோ அதைப் பண்ணும்." பிறகு கொஞ்சம் சங்கடப்பட்டு, "தூங்குறவங்களைக் கடிக்கும்தான். ஆனா யாரும் அதைச் சொல்லலையே" என்றார்.

ஒருவர் சொல்லியிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால். 'பரிந்துரைக்கிறேன். 95 மணி நேரம். இந்தத் தீவில் மிருகங்களுக்கு முதலில் விடிகிறது, மனிதர்களுக்கு அப்புறம்தான்.' அழகான வரி என்று நினைத்தேன். நோட்டில் எழுதி வைத்தேன். எந்தக் கதையிலாவது பயன்படும் என்று. கருத்தைப் புரியாதது பத்தியில் போட்டேன். அவர் அழகாக எழுதவில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கழுதைப்புலி தின்றவருக்கு அந்த வரியில் ரசிக்க ஒன்றும் இல்லை.

முதலாளியிடம் போய் என் தவறு என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. நிரலைத் திருத்தச் சொன்னார், அரை நாளில் முடிந்தது. அறிவிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று போட்டார்கள். அந்த அம்மாவின் உடம்பைத் திருப்பித் தரலாமா என்று கேட்டதற்கு மட்டும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"ஒருத்தருக்குக் குடுத்தா செத்தவங்க எல்லாரும் வரிசையில வந்து நிப்பாங்க."

நியாயம்தான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அன்று மாலை இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். பல்காரர் நன்றாக வந்தார், குரலைக் கேட்டிருந்தேனே. அந்த அம்மா வரவில்லை. கோபக்காரர் என்று எழுதினேன்: தன்னைச் சாகவிட்ட ஆளைப் பற்றி ஊரறிய ஒரு வரி எழுதிவிட்டுப் போனவர். கோபம் வந்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. அழித்தேன். அழுத்தக்காரர் என்று எழுதினேன். அழுத்தக்காரர் மருமகளாக இல்லாமல் போனவளுக்கு இரண்டு வருடம் ஏன் ஊட்டுகிறார்? அழித்தேன். ஒரு ஆளை இரண்டு தடவை அழித்த பிறகு, நேரில் போய்ப் பார்ப்பதுதான் மரியாதை என்று பட்டது.

6

(நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர், ஆடுகிறவரின் வேலையிடத்துக்குப் போகக் கூடாது. தெரியும்.)

பல்காரர் சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடிப் போனேன். ஓட்டுநர் பள்ளிக்கு ஒரே அறை. சுவரில் சாலைக் குறியீடுகள், மேசை மேல் வெட்டி வைத்த கியர் பெட்டி. முதல் வகுப்பு இலவசம் என்று பலகை இருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. தட்டையான செருப்பு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. வண்டியில், பக்கத்து இருக்கையில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.

"முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"நல்லது. கெட்ட பழக்கம் எதுவும் இருக்காது. முதல் கியர் போடுங்க. கிளட்ச்சை மெதுவா விடுங்க. பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும், அவனுக்கும் ஏதாவது வேலை வேணுமில்ல."

இரண்டு தெரு போனேன். மூன்றாவதில் சொல்லிவிட்டேன்.

"மேடம், நான் கார் கத்துக்க வரல."

"ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கிற விதத்துலயே தெரிஞ்சுது. ஓரமா நிறுத்துங்க."

ஒரு சலவைக் கடை வாசலில் நிறுத்தினேன். இன்ஜினை அவரே அணைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு நிமிடம், கழுதைப்புலி, ஈட்டி, நான் நோட்டில் எழுதி வைத்த வரி. ஒன்றையும் விடவில்லை. அவர் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ நான் செத்துட்டேனா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"திங்கட்கிழமைக்கு அப்புறம் நான் உள்ளயே போகலயே."

"ஆனா செவ்வாய்க்கிழமை கருத்து எழுதியிருக்கீங்களே."

"அது மத்தியானம். கோர்ட் கேன்டீன்ல உக்காந்து போன்ல எழுதினது. நீங்க சொல்ற கூத்தெல்லாம் சாயங்காலம்தானே?"

தேதியைப் பார்த்திருந்தேன். நேரத்தைப் பார்க்கவில்லை. நானும் பல்காரரும், இரண்டு பேரும் ஒரு கோபத்தை உண்டாக்கி, அதை இவர் தலையில் கட்டியிருந்தோம்.

"பின்ன எதுக்குங்க அப்படி எழுதினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"வராந்தால எதிர்ல வந்தாரு. பசங்க ரெண்டும் அங்கங்க நிக்குது, வக்கீலுங்க நிக்கிறாங்க. 'வணக்கம் மேடம்'னாரு."

நான் காத்திருந்தேன். அவ்வளவுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

"நாலு வருஷம். மொதல்ல சம்பந்தின்னாரு. அது முடிஞ்சப்புறம் ஏங்கன்னாரு. ஏங்க, விறகு போதுமா, ஏங்க, நீங்க போய்ப் படுங்க. ஒரு தடவை எனக்குக் காலு உடைஞ்சு, தோள்ல போட்டுக்கிட்டு ஒரு மலையைச் சுத்தி நடந்தாரு. விளையாட்டுலதான். ஆனா நெஜமா ஒன்றரை மணி நேரம் ஒரு மனுஷன் அந்தப் பட்டனை அமுக்கிட்டே உக்காந்திருந்தாரு இல்ல? அவரு என்னை மேடம்னாரு. நாள் முழுக்க இந்த வண்டியில நான் மேடம்தான். எனக்கு எதுக்கு இன்னொருத்தரு?"

(இரண்டு தெருவுக்கு முன்னால் நானும் அப்படித்தான் கூப்பிட்டிருந்தேன். அதன் பிறகு எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.)

"பொண்ணு பக்கத்துல இருந்ததால அப்படிச் சொல்லியிருப்பாருங்க" என்றேன்.

"தெரியாதா எனக்கு? தெரிஞ்சா வலிக்காதுன்னு யாரு சொன்னா?"

சலவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இவர் கையை அசைத்து ஒன்றுமில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் முதன்முறையாகப் பதற்றம்.

"உள்ள படுத்திருக்குதுங்களே, ரெண்டு. அதுங்களை எதுவும் கடிக்கலையே?"

"இல்லைங்க. நல்லா இருக்காங்க."

"யாரு ஊட்டுறா?"

"அவர்தான். தனியா."

"அவருக்கு இறைச்சி சுடத் தெரியாது. கருக்கிடுவாரு. கருகினதைக் குடுத்தா அதுங்களுக்கு உடம்பு பாதிதான் தேறும், உங்களுக்கே தெரியுமே, நீங்கதானே அப்படி வச்சிருக்கீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "உடம்பைத் திருப்பித் தர மாட்டாங்களா?"

"கேட்டேன். மாட்டேன்னுட்டாங்க."

"அப்போ தெற்குக் கடற்கரைதான்."

"ஆமாங்க."

இன்ஜினைப் போட்டார். "நேரம் முடிஞ்சுது. நீங்களே ஓட்டுங்க. கத்துக்க வரலைன்னாலும் திரும்பிப் போகணுமில்ல."

7

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்றில், அந்த அம்மா அதன் பிறகு உள்ளே போவதே இல்லை. பல்காரர் மூன்று நாளைக்கு ஒரு முறை கருகிய இறைச்சியோடு வருகிறார். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். திரும்பி வந்தபோது குகையில் யாரும் இல்லை. இதை எழுதி முடித்ததும், இலக்கியமாக வந்துவிட்டது என்ற திருப்தி எனக்கு வந்தது. அந்தத் திருப்தியின் மேல் இப்போது எனக்கு நம்பிக்கை இல்லை.

மற்றதில், பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்து நால்வரும் ஒரே நாளில் உள்ளே வருகிறார்கள். தூங்கிய இருவரும் எழுந்து உட்கார்ந்து — இல்லை. அவர்கள் தீர்ப்பு வாங்கிவிட்டவர்கள். என் கதைக்காக அவர்களை எழுப்புவது அநியாயம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. ஞாயிற்றுக்கிழமை காலை, அப்டேட் வேலைக்காக நானும் நிரல்காரரும் அலுவலகத்தில் இருந்தோம். பத்து மணிக்கு அவர் தன் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உன்னோட ரெண்டாவது கியர் வந்திருக்காங்க. தெற்குக் கடற்கரை. கையில ஒண்ணும் இல்ல. கடைவாய் குகையில இருக்காரு. ரெண்டு புள்ளியும் தெரியுது. வந்து பாரேன்."

எழுந்தேன். இரண்டடி நடந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக இவர்களைப் படித்துவிட்டேன், தப்பாகவே படித்தேன். அந்த நடையையாவது யாரும் பார்க்காமல் அவர் நடக்கட்டும்.

ஆனால் நீங்கள் பார்க்கலாம். உங்கள் வேலை பறிபோகாது. கடற்கரையிலிருந்து குகைக்கு, துணியோ தீயோ இல்லாமல் போனால், நான்கு மணி நேரம். அந்த அம்மா வருவது பல்காரருக்குத் தெரியாது. இவர் அங்கே இருப்பது அவருக்கும் நிச்சயமில்லை. வாசலுக்கு வந்து சேர்ந்தால் முதல் வார்த்தையை யார் சொல்வது, என்ன சொல்வது என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தால் அதையும் நோட்டில் எழுதி வைத்துவிடுவேன்.

ஒன்று மட்டும். பாதி வழியில் ஆறு குறுக்கிடும். மரம் விழுந்து கிடக்கும் இடத்தில் அவரைக் கடக்க விடாதீர்கள். மேலே பார்க்க ஆழமில்லாத மாதிரிதான் இருக்கும். அந்த இடத்தைப் பற்றி நிறையப் புகார் வந்திருக்கிறது. அவற்றை நான் சரியான பத்தியில்தான் போட்டிருக்கிறேன், இன்னும் யாரும் திருத்தவில்லை.